சீட்டு அட்டையில் என் படம்

1

எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு படிவம் வரும். காகிதம் இல்லை, கணினியில்தான். நீயோ உன் குடும்பத்தாரோ ஊராரிடம் பணம் வசூலிக்கும் காரியம் எதிலாவது இருக்கிறீர்களா, யாரிடமாவது பரிசு வாங்கினாயா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். பதினெட்டு வருடமாக எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டி அனுப்பியிருக்கிறேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இந்த வருடம் அந்தப் படிவம் மூன்று நாளாகத் திறந்தபடி இருந்தது. ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டேன். 'உங்கள் பெயரையோ, படத்தையோ, பதவியையோ ஒரு பண வசூல் திட்டத்துக்குப் பயன்படுத்த யாரையாவது அனுமதித்தீர்களா?'

நான் இருப்பது கனடாவின் நடுவே, மலையும் இல்லாமல் கடலும் இல்லாமல் தட்டையாகக் கிடக்கும் ஒரு ஊர். அன்றைக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று. நான் பார்க்கும் வேலை என்ன என்று ஊரில் கேட்டால் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜனங்களிடம் பணம் வாங்கி இத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்கிறவர்களை அழைத்து, உட்கார வைத்து, எங்கிருந்து தருவாய் என்று கேட்கிற வேலை. மாகாண அரசின் அலுவலகம். என் நைனா சாகிற வரைக்கும் 'மக பேங்க்ல கீது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

2

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நெல் நிலம். சென்னையில் சட்டம் படித்து, பொன்னேரி கோர்ட்டில் ஒன்பது வருடம் வக்கீலாக இருந்தேன். பெரிய வழக்கெல்லாம் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்தவர்களின் இழப்பீடு, கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி அடித்துப் போட்டவர்களின் இழப்பீடு. ஒன்று நிலம் போனது, இன்னொன்று உயிர் போனது. இரண்டுக்கும் ஒரே மாதிரி வாய்தா போடுவார்கள்.

மல்லிகா அப்படித்தான் வந்தாள். எளாவூர்க்காரி. புருஷன் லாரியில் கிளீனர். சோதனைச் சாவடி வரிசையில் வண்டி நின்றபோது இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது, எனக்கு முப்பது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்திருந்தாள். ஷிப்ட் முடிந்து நீலக் கோட்டோடு நேராக கோர்ட்டுக்கு வருவாள். முதல் நாளிலிருந்தே என்னை நீ என்றுதான் பேசுவாள். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, உரிமை.

"மறுபடியும் வாய்தாவா? இன்னா வக்கீலம்மா, இவனுங்களுக்கு வேற வேலயே இல்லியா? நான் அரை நாள் சம்பளத்த உட்டுட்டு வந்துக்கினு கீறேன்."

"இன்சூரன்ஸ்காரன் பேப்பர் கொண்டு வரலை மல்லிகா."

"பேப்பரு இல்லன்னா அவன் ஆளா? நீ கேளும்மா நல்லா."

நல்லாத்தான் கேட்டேன். மூன்றரை வருடம் கேட்டேன். தீர்ப்பு வந்த அன்று, கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இனிமே நீ கிணத்துல குதின்னாலும் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள். அந்த வயதில் கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அந்த வாக்கு இருபத்து நான்கு வருடம் கழித்து இப்படித் திரும்பி வரும் என்று யார் கண்டது.

3

என் கணவர் சேகர் வள்ளூர் மின்நிலையத்தில் ஒப்பந்தப் பொறியாளராக இருந்தவர். கனடாவுக்கு விண்ணப்பம் போட்டவர் அவர். கிடைத்ததும் கிளம்பினோம். கைக்குழந்தையாக மகள் அபி.

இங்கே என் வக்கீல் பட்டத்தைத் தராசில் வைத்து, பாதி செல்லாது என்று சொன்னார்கள். திரும்பப் பரீட்சை எழுது என்றார்கள். அதுவரை ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். கோர்ட்டில் 'கனம் நீதிபதி அவர்களே' என்று தொண்டை கிழியப் பேசினவள், மேற்பார்வையாளனிடம் மூத்திரம் போவதற்கு அனுமதி கேட்டேன். அப்புறம் பரீட்சை, அப்புறம் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளோடு பயிற்சி வக்கீல். கடைசியில்தான் இந்த அலுவலகம்.

முதல் விசாரணை நாள் மறக்காது. தலைமை நாற்காலியில் ஒரு அம்மாள். பொன்னேரியில் என் காலத்தில் மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பழக்க தோஷம், அந்த அம்மாளைப் பார்த்து எழுந்து நின்று "எஸ் சார்" என்றேன். ஒரு முறை இல்லை, நான்கு முறை. யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

ஆனாலும் இந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது. பொய்க் கணக்கு காட்டுகிறவன் முகம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். கோவிலில் பழகினவர், ஒரே ஊர்க்காரர், ஒரே பாஷைக்காரர் என்று நம்பிப் பணத்தைப் போட்டுவிட்டு அழுகிறவர்களை வருடம் முழுக்கப் பார்க்கிறேன். அவர்களுக்காக ஒரு சிறு பிரசுரம் எழுதினேன். 'உங்களுக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்பது பணம் போடுவதற்குக் காரணம் ஆகாது.' நூலகங்களில், மருத்துவமனைகளில் எல்லாம் அது கிடக்கிறது. ஊருக்கு உபதேசம் உனக்கல்லடி பெண்ணே என்று சும்மாவா சொன்னார்கள்.

4

இனி என் தம்பி.

குமரேசன் எனக்கு எட்டு வயது இளையவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஆள் சப்ளை செய்யும் கான்டிராக்ட் எடுத்திருந்தான். ஊரடங்கு வந்தது, கான்டிராக்ட் போனது. ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்தவன் தீபாவளிச் சீட்டு ஆரம்பித்தான். எங்கள் பக்கம் இது புதிது இல்லை. மாதா மாதம் ஒரு தொகை கட்டிவந்தால், தீபாவளிக்கு முன்னால் எண்ணெய், வெல்லம், பலகாரம், பட்டாசு, ஒரு எவர்சில்வர் அண்டா, மேலே ஒரு குண்டுமணி தங்கம். தொழிற்சாலைப் பெண்கள்தான் கட்டுவார்கள். பத்துப் பேரைச் சேர்த்துவிடுகிறவளுக்கு ஒரு குத்துவிளக்கு இனாம்.

கட்டுகிறவர்களுக்கு ஒரு ரோஸ் அட்டை கொடுப்பார்கள். மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டினால் முத்திரை. அட்டையின் உச்சியில் பிள்ளையார். கீழே கைகூப்பிய குமரேசன். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு படம், அதற்குக் கீழே 'நல்லாசியுடன்' என்று போட்டு என் பெயர், பட்டம், 'நிதித்துறை உயர் அதிகாரி, கனடா'.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எங்கள் ஊரில் காதுகுத்துப் பத்திரிகையிலும் வெளிநாட்டில் இருக்கிற அத்தை மாமா பெயரைப் பதவியோடு போடுவார்கள். கருமாதி போஸ்டரிலும் போடுவார்கள். சித்தி மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்த பேனரில் நான் ஒரு நடிகருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போகட்டும் என்று விட்டுவிடுவது வழக்கம். ஊரில் நம்மை இன்னும் யாரோ நினைக்கிறார்கள் என்ற அற்ப சந்தோஷம் வேறு. அதை மறைப்பானேன்.

குமரேசன் அட்டையின் மாதிரியை வாட்ஸாப்பில் அனுப்பினான். "அக்கா, ஒன் போட்டோ போட்டுக்கட்டா? நல்லா கீதா பாரு" என்று கேட்டிருந்தான். நான் அப்போது கூட்டத்தில் இருந்தேன். என்ன கூட்டம் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பிரசுரத்தின் இரண்டாம் பதிப்புக்கு வாசகம் முடிவு செய்கிற கூட்டம்.

வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "இந்தப் படம் வேணாம்டா, கண்ணாடி போட்டு கிழவி மாதிரி இருக்கேன். கவுன் போட்ட பழைய படம் அனுப்புறேன், அதைப் போடு." அனுப்பியும் வைத்தேன். முப்பத்திரண்டு வயசில் பொன்னேரி ஸ்டுடியோவில் எடுத்தது, கறுப்பு கவுனும் வெள்ளைக் கழுத்துப் பட்டையுமாக.

அட்டையில் அச்சானது அதுதான். மல்லிகா கோர்ட்டில் பார்த்த அதே முகம்.

5

முதல் இரண்டு தீபாவளிக்கு எல்லாருக்கும் ஒழுங்காகக் கிடைத்தது. மூன்றாவது தீபாவளிக்குப் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. பொங்கலுக்குத் தருகிறேன் என்றான். பொங்கலும் போயிற்று. ஜனவரிக் கடைசியில் நாற்பது பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் போலீஸுக்குப் போனார்கள்.

எனக்கு இது மல்லிகா சொல்லித்தான் தெரியும். இங்கே காலை ஏழு மணி. பனியை வழிக்க வெளியே போக பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். அங்கே மாலை, ஷிப்ட் விட்டு வந்திருக்கிறாள். எத்தனையோ வருடம் கழித்துக் கேட்டும் குரல் உடனே தெரிந்தது.

"வக்கீலம்மா, நான் மல்லிகா. நல்லா கீறியா?"

"இருக்கேன் மல்லிகா. என்ன விஷயம்?"

"ஒன் தம்பி சீட்டு புட்டுக்கிச்சு. ஒனுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அவளுக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"பதினோரு பொம்பளைங்கள நான் சேர்த்து உட்டேன். எல்லாம் என் லைன்ல வேல செய்றதுங்க. அட்டையக் காட்டி, தோ பாரு, இந்தம்மா எனுக்குக் கேஸ் நடத்துன அம்மா, இவங்க நிக்கறாங்க, பயப்படாம போடுங்கடின்னு சொன்னேன். இப்ப தெனம் என் ஊட்டாண்ட வந்து நிக்குதுங்க. போலீஸ்லயும் என் பேர ஏஜெண்டுன்னு எழுதிக்கினாங்க."

"எவ்வளவு போட்டிருக்கீங்க எல்லாருமா? நான்..."

"துட்ட நான் கேக்கல வக்கீலம்மா." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்த அட்டைல ஒன் போட்டோ கீறது ஒனுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒன் தம்பி பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுது, அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, அந்த மல்லிகாதான் அக்கா பேரச் சொல்லி ஆள் புட்சுதுன்னு. அப்போ நான் பொய் சொன்னவளா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு."

இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் பனி வழிக்கிறேன். கையில் மண்வாரியை வைத்துக்கொண்டு அப்படி ஒரு பேஜாரில் நின்றது அன்றைக்குத்தான். "அப்புறம் கூப்பிடுறேன் மல்லிகா" என்றேன். பொன்னேரியில் எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டால் எப்படி எரிச்சலாக வரும்! நானே கேட்டேன்.

6

குமரேசனைப் போனில் பிடித்தேன். மாமனார் வீட்டில் இருந்தான். அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன்.

"எங்கடா போச்சு பணமெல்லாம்?"

"எங்கயும் போவல அக்கா. ரெண்டாவது தீவாளிக்குத் தங்கம் வெல ஏறிச்சில்ல? கைல பத்தல. மூணாவது வருசம் கட்டுன காச எடுத்து அவங்களுக்குக் குடுத்தேன். அத அடைக்க அடுத்த வருசத்துக்குப் புது ஆளுங்க வருவாங்கன்னு பாத்தேன். வர்ல."

இதற்கு என் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது. இதைச் செய்தவர்களை நான் சிறைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொருவனும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னான், எங்கேயும் போகவில்லை என்று.

"கவலப்படாத அக்கா, ஒன்ன இதுல இழுக்க மாட்டேன். வக்கீலாண்ட கேட்டுட்டேன். என்னக் கேக்காம போட்டோவப் போட்டுக்கினான்னு ரெண்டு வரி எழுதி போலீஸுக்கு அனுப்பிடு. நானும் ஆமான்னு சொல்லிடறேன். ஒன் வேல ஒனுக்கு நிக்கும். எனுக்கு எப்பிடியும் உள்ளதான், கூட ஒரு கேஸ் சேர்ந்தா இன்னா இப்ப?"

"அப்போ மல்லிகா?"

"எந்த மல்லிகா?" என்றான். அவனிடம் கட்டிய அத்தனை பெண்களில் அவள் யாரென்று அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை.

அவன் என்மேல் வைத்திருக்கிற பாசத்தில் குற்றம் இல்லை. எனக்காக இன்னொரு வழக்கைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக நிற்கிறான். சின்ன வயதில் நான் உடைத்த பானைக்கு அவன் அடி வாங்கியிருக்கிறான். அப்போதும் நான் பேசாமல்தான் இருந்தேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. சேகருக்கு முதுகு போய் அரை நாள் வேலைதான். இரண்டு வரி. எழுதினால் எல்லாம் சரியாகிவிடும், மல்லிகாவைத் தவிர.

அன்று சாப்பிடும்போது சேகர் சொன்னார். "அந்தப் பொம்பளைங்க போட்டதை நாம குடுத்துடலாமே. ஊர்ல உன் பங்கு நிலம் இருக்கு."

"நிலத்தை விக்கத்தான் போறேன். ஆனா அவ அதைக் கேக்கலை. கேட்டிருந்தா சுலபமா இருந்திருக்கும்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

7

அபி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். மேற்குக் கரையில் வேலை. அவளுடைய தமிழ் இப்போது சாப்பாட்டோடு நின்றுவிட்டது. ரசம், குழம்பு, போதும், வேணாம். மற்றதெல்லாம் ஆங்கிலம். கும்மிடிப்பூண்டியை அவள் ரயில் ஜன்னலில் பார்த்திருக்கிறாள், புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டு. அவளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

சொன்னேன். அட்டையின் படத்தையும் அனுப்பினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"அம்மா, இதுல நீ ரொம்ப அழகா இருக்கே" என்றாள் முதலில், ஆங்கிலத்தில்தான். பிறகு, "மாமா உன்னைக் கேட்டாரா?"

"கேட்டான்."

"நீ சரின்னியா?"

"படமே நான்தான் அனுப்பினேன்."

"அப்போ என்ன யோசனை?" என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. தம்பி, ஜெயில், நைனா கையில் பிடித்துக்கொடுத்த பிள்ளை, ஊர் வாய், இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல? உனக்கென்ன தெரியும் என்று கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு அழைப்பு வருகிறது, அடுத்த வாரம் பேசலாம் என்று வைத்துவிட்டாள். விசாரணை மேஜையில் எதிரே உட்காருகிறவர்கள் கத்தும்போது நானும் அப்படித்தான் கேட்டுக்கொள்வேன்.

8

மல்லிகாவைக் கூப்பிட, அவள் போனில் அழைத்த எண்ணைத் தேடினேன். வாட்ஸாப்பில் அவள் பெயர் அடியிலும் அடியில் கிடந்தது. எனக்கு அவள் அனுப்பிய குரல் செய்தி ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தையது. நான் கேட்கவே இல்லை. ஊரிலிருந்து குரல் செய்தி வந்தால் நான் அப்படித்தான், அப்புறம் கேட்போம் என்று தள்ளிவைப்பேன். யாருக்கோ மாப்பிள்ளை தேடுவார்கள், யாருக்கோ விசா கேட்பார்கள். உங்களில் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

இப்போது அழுத்தினேன்.

"வக்கீலம்மா, நான் எளாவூர் மல்லிகா. ஒன் நம்பர் ஒன் தம்பியாண்ட வாங்கனேன். நாஷ்டா துன்னியா? ஒண்ணுமில்ல, ஒன் தம்பி சீட்டு புடிக்குது. போடலாமா வேணாமான்னு தெர்ல. போன வாட்டி ஒரு ஆளு நாமம் போட்டுட்டுப் பூட்டான், அதான் பயமா கீது. நீ ஒரு வார்த்த சொன்னா போடுவேன், வேணாம்னா வேணாம். டைம் கெடைச்சா சொல்லு, அவசரம் இல்ல."

முப்பது விநாடிகூட இல்லை. அதன் கீழே, பத்து நாள் கழித்து அவள் தட்டெழுத்தில் அனுப்பியது ஒன்று இருந்தது. அதையும் நான் திறந்து பார்த்ததில்லை.

'பிசியா இருப்ப. பரவால. அட்டைல ஒன் போட்டோ பாத்தேன். அதான் பதிலுன்னு போட்டுட்டேன்.'

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். சேகர் வந்து பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

9

அடுத்த நாள் காலை ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்று தட்டினேன். 'ஆம்' என்றால் விவரம் எழுத ஒரு சின்னக் கட்டம் திறக்கும் என்பது பதினெட்டு வருடத்தில் எனக்குத் தெரியாது. கட்டத்தில் இடம் போதவில்லை. குமரேசன் கேட்டதையும் நான் அனுப்பிய பதிலையும் மொழிபெயர்த்து இணைத்தேன். 'கிழவி மாதிரி இருக்கேன்' என்பதையும் மொழிபெயர்த்தேன். மானம் போகிறதென்றால் முழுசாகப் போகட்டும் என்று.

மேலதிகாரி கேத்தரின் நல்ல மனுஷி. படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். நீங்களே சொன்னதற்கு நன்றி என்றார். விசாரணை முடியும்வரை வீட்டில் இருங்கள், அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். வேலை திரும்பக் கிடைக்குமா என்று இதை எழுதும்வரை தெரியாது.

போலீஸுக்கு அனுப்ப ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் தயாரித்தேன். நோட்டரி கையெழுத்து, அதன்மேல் தூதரக முத்திரை. அதற்கு வேறு ஊருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஒரு வாரத்தில் அப்படியே திரும்பி வந்தது. நான் ஒட்டிய படம் அளவில் தவறாம், காதும் தெரியவில்லையாம். திரும்ப எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். இந்த முறை கிழவி மாதிரிதான் இருந்தேன், யாரும் மாற்றிக் கேட்கவில்லை.

குமரேசனிடம் நானே சொன்னேன். "நீ கேட்டே, நான் சரின்னேன். அதைத்தான் எழுதியிருக்கேன். நீ மத்த உண்மையைச் சொல்லு. என் பங்கு நிலத்தை வித்து வர்ற பணத்தைப் போலீஸ்லயே கட்டிடறேன்னும் எழுதியிருக்கேன், அவங்க எப்படிப் பிரிச்சுக் குடுக்கணுமோ குடுக்கட்டும்."

"நீயாவது தப்பிச்சிருக்கலாமேக்கா" என்றான். அப்போதுதான் அழுதான்.

10

மல்லிகாவுக்கு நான் போன் செய்யவில்லை. அவளுக்கு வேண்டியது மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டக்கூடிய ஒன்று. வாழ்க்கையில் முதல் முறையாகக் குரல் செய்தி பேசினேன். நாலு தடவை அழித்துப் பேசினேன். கோர்ட்டில் இப்படித் தடுமாறியதில்லை.

"மல்லிகா, நான் வக்கீல் கலைச்செல்வி பேசுறேன். அந்த அட்டையில என் படம் போடப்போறது எனக்குத் தெரியும். என் தம்பி என்னைக் கேட்டான், நான் சரின்னு சொல்லி நானே படம் அனுப்பினேன். மல்லிகா யார்கிட்டயும் பொய் சொல்லலை. போடலாமான்னு அவ என்னைத்தான் கேட்டா. நான்தான் பதில் சொல்லலை. என்ன சீட்டுன்னு ஒரு வார்த்தை நான் விசாரிச்சிருந்தா நீங்க யாரும் போட்டிருக்க மாட்டீங்க. இதைப் போலீஸுக்கும் எழுதி அனுப்பிட்டேன்."

இரண்டு நாள் பதில் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கு இரண்டு நாள் என்பது நீளம். ஜன்னல் வழியாகப் பனி வழிக்கும் வண்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை செய்தி வந்தது. இந்த முறை தள்ளிப்போடவில்லை, கையில் மாவோடு அழுத்தினேன்.

பஸ் இன்ஜின் சத்தம். பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அதில் ஒருத்தி, "வேலியே பயிர மேஞ்சா எவனாண்ட போய் சொல்றது?" என்கிறாள் உரக்க. இன்னொருத்தி என் கவுனைப் பற்றி ஏதோ சொல்கிறாள், அதை நான் இங்கே எழுத முடியாது. பிறகு மல்லிகா பஸ்ஸைவிட்டு இறங்கித் தள்ளி வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"வக்கீலம்மா, நீ சொன்னத எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டேன். இப்ப யாரும் என் ஊட்டாண்ட வர்ல. லைன்ல எப்பவும் போல பக்கத்துல குந்தி சோறு துன்றாங்க. ஆனா ஒன்னத்தான் பஸ்ஸு பூரா கண்ட மேனிக்குத் திட்டிக்கினு வந்தாங்க. நானும் கூட சேர்ந்து திட்னேன். கோச்சுக்காத."